மறக்கும் பெட்டியும் மறவாத பெட்டியும்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த வீடியோ கேம் பெட்டிக்கு ஞாபக சக்தி என்பது அறவே கிடையாது. மத்தியானம் முழுவதும் பிரயாசைப்பட்டு மரியோவை ஆறாவது உலகம் வரையில் கொண்டு சேர்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு அழைக்கிறார்களே என்று ஒரு தரம் பெட்டியை அணைத்துவிட்டோமானால், மறுபடி இயக்கும்போது அது எங்களை இதற்கு முன் கண்டதே இல்லை என்ற பாவனையில், முதல் உலகத்தின் முதல் அடியிலே கொண்டுபோய் நிறுத்தும். இப்போது என் அறையில் இருக்கும் பிளேஸ்டேஷன் 5 இதற்கு நேர் விரோதமான சுபாவம் உடையது. மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு ஒரு நாள் திறந்தாலும், நான் விட்டுப்போன இடம், என் கையிலிருந்த ஆயுதம், பையில் மீதமிருந்த மருந்து ஆகிய சகலத்தையும் அப்படியே எடுத்து முன்னே வைக்கிறது. இவ்விரண்டு பெட்டிகளுக்கும் இடையே என் ஆயுளில் முப்பது வருஷங்கள் கழிந்துவிட்டன. அந்த முப்பது வருஷங்களில் படம் எவ்வளவு தத்ரூபமாயிற்று, சப்தம் எவ்வளவு நுட்பமாயிற்று என்று பேசாதவர்கள் இல்லை. எனக்கோ, அவற்றைக் காட்டிலும் விசேஷமாகத் தோன்றுவது, ஆட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பொறுப்பு ஆடுகிறவனிடமிருந்து யந்திரத்தின் கைக்குப் படிப்படியாக மாறிப்போன விருத்தாந்தம்தான்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், மதராஸில் உத்தியோகமாயிருந்த என் சித்தப்பா, பொங்கலுக்குக் கும்பகோணம் வந்தபோது பர்மா பஜாரில் பேரம் பேசி அந்தப் பெட்டியை வாங்கிவந்தார். பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்களின் பிழைப்புக்கென்று ஏற்பட்ட அந்தக் கடைவீதியில், கடல் கடந்து வந்த சாமான் எதுவானாலும் கிடைக்கும் என்பது அக்காலத்தில் பிரசித்தம். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனியார், மசாயுகி உவெமுரா என்ற நிபுணரின் தலைமையில் வடிவமைத்து, 1983 ஜூலை மாதத்தில் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் யந்திரத்தின் நகலே அது என்ற சங்கதி எனக்குப் பல வருஷங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அசல் யந்திரத்தை எங்கள் தெருவில் கண்டவர் ஒருவரும் இல்லை. நகலையே அசலென்று பாவித்து நாங்கள் ஆராதித்தோம்.

அதைத் தொலைக்காட்சியோடு இணைப்பதே ஒரு சடங்கு. டயனோரா பெட்டியின் பின்புறமிருந்த ஆன்டெனா கம்பியைக் கழற்றி, அந்த இடத்தில் கேம் பெட்டியின் கம்பியைச் செருகி, அடாப்டரின் வாலை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பிறகு என் தம்பி முன்னால் நின்று "வருது, வருது, போச்சு" என்று சொல்லச் சொல்ல, நான் சிறிய திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே போவேன். இரைச்சலுக்கும் புள்ளி மழைக்கும் நடுவிலிருந்து நீல ஆகாயமும் செங்கற்களும் திடீரென்று தெளிந்து நிற்கும் அந்தக் கணத்தில் உண்டான ஆனந்தத்துக்கு, பிற்காலத்தில் எத்தனையோ ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய யந்திரங்கள் எதுவும் ஈடு செய்யவில்லை என்று சொன்னால், அதை வெறும் கிழட்டு ஏக்கமென்று வாசகர்கள் தள்ளிவிடலாகாது. நாமே பாடுபட்டு வரவழைத்த படத்துக்கும், பொத்தானைத் தட்டியதும் தானாக வந்து நிற்கும் படத்துக்கும் மனம் கொடுக்கும் மதிப்பு வேறுதானே!

அந்தப் பெட்டி ஏன் எல்லாவற்றையும் மறந்தது என்பதற்குக் காரணம் எளிது. கேசட்டுக்குள் இருந்த சில்லு தொழிற்சாலையில் எழுதப்பட்டதை வாசிக்க மட்டுமே உதவும். அதில் புதிதாக ஓர் எழுத்தும் பொறிக்க முடியாது. ஆட்டம் நடக்கும்போது மரியோ எங்கே நிற்கிறான், எத்தனை நாணயம் சேர்த்திருக்கிறான் என்பவற்றைக் குறித்துக்கொள்ளப் பெட்டிக்குள் இருந்த இடம் இரண்டே கிலோபைட். மின்சாரம் நின்ற மாத்திரத்தில் அதுவும் துடைத்தாற்போல் ஆகிவிடும். 1985-ல் வெளிவந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும், அதன் எட்டு உலகங்களும் முப்பத்திரண்டு ஸ்டேஜ்களும் சங்கீதமும் சேர்த்து, 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. ஆகாயத்து மேகத்துக்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே சித்திரத்தைப் போட்டு, ஒன்றுக்கு வெள்ளையும் மற்றொன்றுக்குப் பச்சையும் பூசியிருக்கிறார்கள் என்பதைக் கவனித்தால், அந்நாளைய கலைஞர்களின் சிக்கனம் விளங்கும். இவ்வளவு சிறிய இடத்துக்குள் செய்த ஆட்டம் பல மாதங்கள் நீடித்து உழைக்க வேண்டுமானால், அதைக் கடினமாகச் செய்வதைத் தவிர வேறு உபாயம் இல்லை. கடினமும் மறதியும் ஒன்று சேர்ந்துதான் எங்களுக்கு உபாத்தியாயராக இருந்தன.

ஆகவே ஞாபகம் முழுவதும் எங்களிடமே தங்கியது. அதிலும் மூளையைக் காட்டிலும் கட்டைவிரலில் அதிகமாகத் தங்கியது. காண்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தின் முதல் ஸ்டேஜில் பாலம் வெடிக்கத் தொடங்கும்போது எந்த நொடியில் குதிக்க வேண்டும், அருவி ஸ்டேஜில் எந்தப் பாறை மீது நிற்கக்கூடாது, 'எஸ்' எழுத்துப் போட்ட துப்பாக்கி எந்த மூலையிலிருந்து பறந்துவரும் என்பவையெல்லாம், சந்தை சொல்லிச் சொல்லி ஏறிய பாடம் போல, யோசனைக்கு இடமில்லாமல் விரல் நுனியில் வந்து நிற்கும். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பிறகு பி, ஏ என்ற பிரசித்தமான மந்திரமும் அப்படி எங்களுக்கு வாய்மொழியாக வந்ததுதான். கோனாமி கம்பெனியில் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை 1986-ல் வீட்டுப் பெட்டிக்கு மாற்றியமைத்த கஸுஹிஸா ஹாஷிமோடோ என்பவர், சோதித்துப் பார்க்கும்போது அது தமக்கே மிகக் கடினமாக இருந்ததால், தம் சௌகரியத்துக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. காண்ட்ராவிலும் அதைப் புகுத்தினார்கள். தவறாமல் அழுத்தியவனுக்கு முப்பது லைஃப் கிடைத்தது. ஜப்பானில் ஒருவர் தம் வேலைச் சுமையைக் குறைத்துக்கொள்ளச் செய்த தந்திரம், பத்திரிகையோ புத்தகமோ இல்லாமல், மகாமகக் குளத்தங்கரைப் பையன்கள் வரையில் செவிவழியாகவே பிரயாணம் செய்து வந்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆச்சரியம் அடங்குவதில்லை.

எங்களிடமிருந்த மற்றொரு கேசட்டின் அட்டையில் 9999 ஆட்டங்கள் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. உள்ளே உண்மையில் இருந்தவை சொற்பமே. அவற்றையே வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு ஸ்டேஜிலிருந்து ஆரம்பமாகும்படி மாற்றி மாற்றி அடுக்கியிருந்தார்கள். அக்காலத்தில் அதை மோசடி என்று வைதோம். இப்போது யோசித்துப் பார்த்தால், நடுவிலிருந்து ஆரம்பிக்க ஏங்கிய எங்களைப் போன்றவர்களுக்கு அந்த மோசடிக்காரர்கள் ஒரு வகையில் உபகாரமே செய்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஏனென்றால், பெட்டியால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாத இடங்களை அந்தப் பட்டியல் எங்களுக்காக ஞாபகம் வைத்திருந்தது.

அந்தக் கேசட்டில்தான் நாம்கோ கம்பெனியாரின் பேட்டில் சிட்டியும் இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு 'டாங்கி கேம்' என்று பெயர். செங்கற்சுவருக்குள் வீற்றிருக்கும் கழுகைக் காப்பாற்றுவது இருவருடைய கடமை. ஆனால் கூட்டாளியின் குண்டு நம் டாங்கியின் மேல் பட்டால் அது சற்று நேரம் அசையாமல் ஸ்தம்பித்துவிடும் என்றும், நம் குண்டே தவறிப் பட்டாலும் கழுகு மடிந்து ஆட்டம் முடிந்துவிடும் என்றும் இரண்டு விதிகளை வைத்த புண்ணியவான், சகோதரர்களின் சுபாவத்தை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும். ஒரு கோடை விடுமுறையில், நெடுநேரம் தாக்குப்பிடித்த ஓர் ஆட்டத்தில், அந்தக் கழுகு யாருடைய குண்டால் மடிந்தது என்பதில் எனக்கும் என் தம்பிக்கும் தகராறு வந்தது. பெட்டி அணைந்ததும் அதற்குச் சாட்சியம் ஒன்றும் மிஞ்சவில்லை. என் தம்பியோ இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனாகி, ஒரு கலாசாலையில் ஆசிரியராகவும் இருக்கும் இந்நாளிலும், குடும்பத்தார் கூடியிருக்கும் சமயம் பார்த்து அந்தக் கழுகின் மரணத்தை என் கணக்கில் எழுதத் தவறுவதில்லை.

ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கும் கலையை எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது மெகா மேன் 2 என்ற ஆட்டம். எதிர்வீட்டு நண்பன் இரவல் கொடுத்த அந்தக் கேசட்டில், ஆட்டம் முடிந்ததும் ஐந்துக்கு ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு சதுரம் தோன்றி, அதன் சில கட்டங்களில் சிவப்புப் புள்ளிகள் காணப்படும். எட்டு எதிரிகளில் எவர் எவரைத் தோற்கடித்தோம் என்ற தகவல் முழுவதும் அந்தப் புள்ளிகள் நிற்கும் ஸ்தானத்திலே மறைந்திருக்கும். மறுநாள் அதே கட்டங்களில் அதே புள்ளிகளை வைத்தால் ஆட்டம் விட்ட இடத்தில் தொடரும். பெட்டி தன் ஞாபகத்தை எங்கள் காகிதத்திலே எழுதிவைத்துக்கொண்டது என்று சொல்லலாம். என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் இந்தச் சதுரங்களால் நிரம்பியிருந்ததை ஒரு நாள் பாட்டி பார்த்துவிட்டு, "என்னடா இது, புள்ளியை மட்டும் வெச்சுட்டு இழையே போடாம விட்டிருக்கே?" என்று கேட்டாள். இழை அனைத்தும் கேசட்டுக்குள் இருக்கிறது பாட்டி என்று நான் சொன்ன பதில் அவளுக்குத் திருப்தி அளிக்கவில்லை.

யந்திரம் தானாகவே ஞாபகம் வைத்துக்கொள்ளும் காலம் இதற்கு முன்னரே வேறிடங்களில் பிறந்துவிட்டது. ஷிகெரு மியாமோடோவின் செல்டா என்ற ஆட்டம், 1987-ல் அமெரிக்காவில் கேசட்டாக வெளியானபோது, அதனுள் ரூபாய் வட்டத்தில் ஒரு பாட்டரியை வைத்திருந்தார்கள். பெட்டி அணைந்த பிறகும் அந்தப் பாட்டரி ஒரு சிறு சில்லுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்க, வீரன் சேகரித்த பொருள்கள் அனைத்தும் அதில் பத்திரமாக இருக்கும். கையடக்கமான கேம் பாயில் போகிமான் பிராணிகளை நூற்றுக்கணக்கில் பிடித்து வளர்க்க முடிந்ததும் இந்தப் பாட்டரியின் தயவினால்தான். ஆனால் பாட்டரிக்கும் ஆயுள் உண்டு. 1999-ல் வந்த போகிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில் இராப்பகலைக் காட்டும் ஒரு கடிகாரமும் அதே பாட்டரியில் ஓடியதால் அவை இன்னும் சீக்கிரமாகச் சக்தி இழந்தன. அன்று பிள்ளைகள் அருமையாக வளர்த்த பிராணிகள், இன்று அலமாரியிலிருந்து எடுத்துச் செருகிப் பார்க்கும்போது, பெரும்பாலும் ஒன்றுகூட மிஞ்சியிருப்பதில்லை. ஆட்டம் புதிதாகப் பெயர் கேட்கிறது. யந்திரத்தின் ஞாபகமும் அநித்தியம் என்ற தத்துவத்தை உலகத்துப் பிள்ளைகள் கற்றது இந்தக் கேசட்டுகளிலிருந்துதான் போலும்.

கலாசாலைப் படிப்புக்காக நான் சென்னைக்கு வந்தபோது பிளேஸ்டேஷன் யுகம் தொடங்கியிருந்தது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு ஆடவிடும் கேம் சென்டர்கள் சந்துக்குச் சந்து முளைத்திருந்தன. திரைச்சீலை போட்டு மறைத்த ஒரு நீண்ட அறை, வரிசையாகத் தொலைக்காட்சிகள், உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கல்லாவில் ஒரு பழைய கடிகாரம் என்பதே அவற்றின் லட்சணம். அங்கே வாடிக்கைக்காரர்களை அடையாளம் காட்டியது சட்டைப்பையில் இருந்த மெமரி கார்டு. 128 கிலோபைட் கொள்ளளவை 15 கட்டங்களாகப் பகுத்த அந்தச் சிறிய துண்டை, ரிச்சி தெருவில் வாங்கி, பேனாவால் பெயர் எழுதி, பஸ் பாஸை விடப் பத்திரமாக வைத்திருப்போம். கார்டு இல்லாதவர்கள் கடைக்காரரின் பொதுக் கார்டில் சேமித்துவிட்டுப் போவார்கள். ஒருவன் பல மாலைகள் உழைத்துச் சேமித்ததன் மேல் மற்றொருவன் தன் ஆட்டத்தை எழுதிவிட்டுப் போய்விட, அதன் நிமித்தம் கைகலப்பே நடந்த ஒரு சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாபகத்துக்குச் சொத்துரிமை உண்டாயிற்று. சொத்து என்று வந்துவிட்டால் திருட்டும் வழக்கும் பின்னாலேயே வந்துவிடும் அல்லவா?

அக்காலத்து ஆட்டங்கள் சேமித்தல் என்ற காரியத்தையே ஒரு கலையாகக் கையாண்டன என்பதை நான் இங்கே பாராட்டாமல் இருக்க முடியாது. 1996-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் ஆட்டத்தில், பேய் பிடித்தாற்போன்ற ஒரு மாளிகையில், ஆங்காங்கே ஒரு தட்டச்சு யந்திரம் இருக்கும். அதில் போட மை நாடா நம்மிடம் இருந்தால்தான் அதுவரை நடந்ததைச் சேமிக்கலாம். நாடாக்களோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஆகையால், இப்போது சேமிப்பதா, இன்னும் இரண்டு அறைகள் துணிந்து போய்விட்டு வந்து சேமிப்பதா என்ற விசாரமே, பிணங்கள் எழுந்து வருவதைக் காட்டிலும் அதிகமாக நெஞ்சைப் படபடக்கவைத்தது. ஹிடியோ கொஜிமாவின் மெட்டல் கியர் ஸாலிட் 1998-ல் இதற்கும் ஒரு படி மேலே போயிற்று. அதில் வரும் ஸைகோ மான்டிஸ் என்ற வில்லன், தனக்கு மனத்தைப் படிக்கும் சித்தி உண்டு என்று பெருமை பேசி, நாம் அடிக்கடி சேமிக்கும் எச்சரிக்கைக்காரரா, துணிந்த ஆசாமியா என்று நம் குணத்தை உரைப்பான். பிறகு, அந்த ஆட்டத்தை வெளியிட்ட கோனாமி கம்பெனியாரின் வேறு ஆட்டங்களை நாம் ஆடியிருந்தால் அவற்றின் பெயரையும் சொல்லுவான். என் கார்டில் காஸில்வேனியா இருந்தது. அதை அவன் பெயர் சொல்லி அழைத்தபோது, அந்த நீண்ட அறையில் என் நாற்காலியைச் சுற்றிக் கூடியிருந்தவர்கள் அனைவரும் ஒரு கணம் பேச்சற்றுப் போனார்கள். அவன் படித்தது மெமரி கார்டை என்பது பின்னால் புரிந்தது. யந்திரம் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தொடங்கினால் நம்மைப் பற்றியும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்ற விஷயத்தை, பிற்காலத்து அறிஞர்கள் புத்தகம் புத்தகமாக எழுதி எச்சரிப்பதற்கு வெகு முன்னரே, அந்த வில்லன் எனக்கு வேடிக்கையாகச் சொல்லிவிட்டான்.

உத்தியோகம் கிடைத்த பிறகு நான் வாங்கிய பிளேஸ்டேஷன் 2, உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்று, இதுவரை எந்த கேம் பெட்டியும் எட்டாத ஸ்தானத்தை அடைந்த யந்திரம். அதன் கார்டு எட்டு மெகாபைட். அதற்குப் பின் வந்தவற்றில் கார்டே மறைந்து, பெட்டிக்குள்ளேயே ஹார்டு டிஸ்க் வந்து, ஆட்டம் தானாகவே சேமித்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. என் பிளேஸ்டேஷன் 5-க்குள் வைத்த சேமிப்பு 825 கிகாபைட். மரியோ போன்ற ஆட்டங்களை அடுக்கினால் ஏறக்குறைய இரண்டு கோடி அதில் அடங்கும். இத்தனை வசதிக்கு நடுவே ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. விட்சர் 3 என்ற மகத்தான ஆட்டத்தை, அலுவல்களின் நெருக்கடியால் பாதியில் விட்டு, ஒரு மழைக்காலம் கழிந்து மறுபடி திறந்தேன். யந்திரம் ஒன்றையும் மறக்கவில்லை. நான் எல்லாவற்றையும் மறந்திருந்தேன். என் எதிரே நிற்கும் இந்தப் பிரபு நண்பனா விரோதியா, என் பையிலுள்ள இந்தக் கடிதம் யாருக்குச் சேர வேண்டியது, கத்தியை உருவும் பொத்தான் எது என்று ஒன்றும் தெரியாமல், பிறர் வீட்டில் தூங்கி எழுந்தவனைப் போல் விழித்தேன். ஆட்டத்தைச் செய்தவர்கள் இந்த மறதியை எதிர்பார்த்தே, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முன்கதைச் சுருக்கத்தை ஒருவர் குரலில் சொல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள். தொடர்கதைப் பத்திரிகைகளில் வளர்ந்த எனக்கு அந்தச் சுருக்கம் பழைய சிநேகிதரைக் கண்டதுபோல் இருந்தது.

இதற்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கோனாமி கம்பெனியார் 2019-ல் பழைய காண்ட்ரா ஆட்டங்களைத் தொகுத்து வெளியிட்டபோது, இருபது வருஷங்களுக்கு மேல் கைவிட்டிருந்த அந்த ஆட்டத்தைத் திறந்தேன். பாலம் வெடிக்கத் தொடங்குமுன்பே கட்டைவிரல் தானாகக் குதித்துவிட்டது. எந்த மூலையிலிருந்து எது வரும் என்று என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது, விரலுக்குத் தெரிந்திருந்தது. அதே தொகுப்பில், வேண்டிய இடத்தில் நிறுத்திச் சேமித்துக்கொள்ளும் புது வசதியும் உண்டு. அதை உபயோகித்து ஆடிப் பார்த்ததில் கடைசி ஸ்டேஜ் வெகு சீக்கிரம் வந்துவிட்டது; ஆனால் விரலில் ஒன்றும் ஏறவில்லை. மற்றொரு வேடிக்கையும் இந்தப் பழைய ஆட்டங்களால் தெரியவந்தது. ஜப்பானியத் தொலைக்காட்சியில் படம் நொடிக்கு 60 தரம் மாறும்; நம் நாட்டு முறையில் 50 தரமே மாறும்; எங்கள் நகல் பெட்டி இதற்கு ஏற்ப ஓடியதால், மரியோவும் அவனுடைய சங்கீதமும் ஆறில் ஒரு பங்கு நிதானமாகவே எங்களுக்கு வந்து சேர்ந்தன. கோஜி கோண்டோ அமைத்த அந்த மெட்டை அதன் சரியான காலப்பிரமாணத்தில் கேட்டபோது, யாரோ வண்டிக்கு நேரமாயிற்று என்று அவசரமாக வாசிப்பதுபோல் எனக்குப் பட்டது. உலகம் முழுவதும் அறிந்த மெட்டு தவறென்றும், கும்பகோணத்து டயனோராவில் கேட்டதே சரியென்றும் என் காது இன்றளவும் சாதிக்கிறது.

இவ்வளவும் சொன்னதால் புதிய யந்திரங்களின் மேல் எனக்குத் துவேஷம் என்று நினைக்க வேண்டாம். இரவு பத்து மணிக்குமேல் அரைமணி அவகாசம் கிடைக்கும் குடும்பஸ்தனுக்கு, விட்ட இடத்தில் தொடரவிடும் பெட்டி மகத்தான அநுக்கிரகம். பழைய விதி இன்றும் அமலில் இருந்தால் நான் முதல் உலகத்தைத் தாண்டாமலே காலம் தள்ள வேண்டியதுதான். மேலும், அந்த ஞாபகத்தையே கொண்டு புதுமையான ரஸங்களைப் படைத்தவர்கள் உண்டு. 2011-ல் ஹிடெடாகா மியாஸாகி இயக்கிய டார்க் சோல்ஸில் யந்திரம் இடைவிடாமல் சேமித்துக்கொண்டே இருக்கும். அதனாலேயே செய்த காரியத்தை இல்லையென்று ஆக்கிப் பின்னே போக வழியில்லை. செத்த இடத்தில் சிந்திய செல்வத்தை மீட்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் அது அடியோடு போயிற்று. எங்கள் பழைய பெட்டி மறந்து தண்டித்தது. இது மறவாமல் தண்டிக்கிறது. இரண்டிலும் ஆடுகிறவன் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே.

இந்த வரிசையில் என்னை அதிகமாக அசைத்தது யோகோ டாரோ என்பவர் இயக்கி 2017-ல் வெளிவந்த நியர் ஆட்டோமாட்டா. அதன் கடைசி முடிவில், ஆட்டத்தைச் செய்தவர்களின் பெயர்ப்பட்டியலே எதிரியாகி நம்மைச் சுட்டுத் தள்ளும். தனியாக வெல்வது ஏறக்குறைய அசாத்தியம். பலமுறை தோற்ற பின் துணை வேண்டுமா என்ற கேள்வி வரும். ஒப்புக்கொண்டால், எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆட்டக்காரர்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் வந்து நம்மைச் சூழ்ந்து நின்று, நமக்கு வரும் குண்டுகளைத் தாங்கி அழியும். ஒவ்வொரு கப்பலும் ஒருவர் தம் சேமிப்பு முழுவதையும் தியாகம் செய்து அனுப்பியது. வென்ற பிறகு, நீயும் அப்படி ஓர் அந்நியருக்கு உதவச் சம்மதமா, உன் சேமிப்பு அனைத்தும் அழிந்துபோகும் என்று ஆட்டம் கேட்கிறது; திரும்பத் திரும்பக் கேட்கிறது. நான் சம்மதித்தேன். உடனே திரையில் என் ஆயுதங்களின் பட்டியல், பொருள்கள், தேசப்படம், அத்தியாயங்கள் என்று பக்கம் பக்கமாகத் திறந்து, வரி வரியாக அழித்துக்கொண்டு போயிற்று. பல மாதத்து உழைப்பு கண்ணெதிரே கரைந்தது. நான் யாருக்கு உதவினேன் என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் என் பெயருக்கு மேல் ஒன்றும் தெரியாது.

அந்த இரவு எனக்கு ஒரு விஷயம் ஸ்பஷ்டமாயிற்று. நாம் சேமிப்பு என்று சொல்லிக்கொள்வது, பிறரிடம் ஒப்படைத்த ஞாபகமே. ஒப்படைத்தது என்றேனும் திரும்பக் கேட்கப்படும் அல்லது தொலைந்துபோகும். நிண்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ யந்திரங்களுக்கான இணையக் கடைகளை 2023 மார்ச் 27-ந் தேதி மூடிவிட்டார்கள்; அங்கே மட்டும் விற்ற ஆட்டங்களை அதன்பின் விலைகொடுத்து வாங்க வழியில்லாமல் போயிற்று. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 100-க்கு 87 இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அதே வருஷத்தில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற ஸ்தாபனம் கணக்கிட்டுச் சொல்லிற்று. பாட்டரி தீர்ந்ததும் போகும் ஞாபகம் ஒன்று. கம்பெனி தீர்மானித்ததும் போகும் ஞாபகம் மற்றொன்று. இவற்றைக் காப்பாற்றப் பழைய கேசட்டுகளைச் சேகரித்துப் பழுது பார்ப்பவர்களும், அவற்றின் உள்ளடக்கத்தைப் பிரதி எடுத்து வைப்பவர்களும் செய்யும் தொண்டு, ஓலைச்சுவடி தேடி அலைந்த பெரியோர்களின் தொண்டுக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் எந்தக் காப்பகமும் செய்ய முடியாத பங்கு ஒன்று ஆடுகிறவனுக்கு எப்போதும் பாக்கி இருக்கிறது. காண்ட்ராவை எத்தனை பிரதிகள் எடுத்துப் பாதுகாத்தாலும், அந்தப் பாலத்தில் எப்போது குதிப்பது என்பதை ஒவ்வொருவனும் செத்துச் செத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே, பழைய பெட்டி உயர்ந்ததா, புதிய பெட்டி உயர்ந்ததா என்று என் அலுவலகத்து இளைஞர்கள் கேட்கும்போது, நான் அவர்களுக்குச் சொல்லும் யோசனை இதுதான்: உங்கள் பெட்டி எதுவானாலும் இருக்கட்டும், கதைகளை அதன் ஞாபகத்தில் விட்டுவையுங்கள், ஆனால் சேமிக்காமல் ஆடும் ஆட்டம் ஒன்றையாவது கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அணைத்துவிட்ட பிறகு உங்களிடம் மீதி இருப்பது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல தராசு வேறு கிடையாது.